சொல்லிக் கொடுத்தால் வியாபாரம் போய்விடுமா?

"சோழியன் குடுமி சும்மா ஆடுமா?" என்பது பழமொழி. கடைக்காரர் ஒருவர் காசு எதுவும் வாங்காமல் நல்ல யோசனை ஒன்று சொன்னால், கேட்பவர் மனதில் முதலில் ஓடுவது இதுதான். இவர் ஏன் இவ்வளவு அக்கறையாகச் சொல்கிறார்? இதில் இவருக்கு என்ன லாபம்?

கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கோ வேறு கவலை. "எல்லாத்தையும் சொல்லிக் கொடுத்துட்டா, அப்புறம் நம்ம கடைக்கு எதுக்கு வரப்போறாங்க?" மருந்துச் செய்முறையை மூத்த மகன் காதில் மட்டும் ஓதிவிட்டுப் போன வைத்தியர்களுக்கும், மசாலா கலக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளும் சமையல்காரர்களுக்கும் இருந்தது இதே கவலைதான்.

"பயனுள்ள விஷயங்களைத் தாராளமாகப் பகிருங்கள், வியாபாரம் தானாக வளரும்" என்று மேலாண்மை வகுப்புகளில் இப்போது சொல்லிக் கொடுக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது பாதி உண்மை. எந்த விஷயத்தைப் பகிர்வது என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. தன் சரக்கு விற்க உதவும் தகவலை மட்டும் எடுத்துச் சொன்னால் அதற்குப் பெயர் விளம்பரம். அதை எல்லோரும் செய்கிறார்கள். தன் விற்பனையைக் குறைக்கக்கூடிய உண்மையையும் மறைக்காமல் சொல்கிறவரிடம்தான் வாடிக்கையாளர் திரும்பத் திரும்ப வருவார். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். சில உதாரணங்களோடு பார்க்கலாம்.

டயர் கம்பெனி போட்ட புத்தகம்

1900-ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாடு முழுவதும் ஓடிய மோட்டார் கார்கள் 3,000-க்கும் குறைவு. பெட்ரோல் எந்த ஊரில் கிடைக்கும், வண்டி நின்றுபோனால் யாரிடம் காட்டுவது, இரவு எங்கே தங்குவது, எதுவும் தெரியாமல்தான் கார் வைத்திருந்தவர்கள் கிளம்ப வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் டயர் தயாரித்துக்கொண்டிருந்த ஆந்த்ரே மிஷலின், எத்வார் மிஷலின் என்ற சகோதரர்கள் ஒரு சின்னக் கையேட்டை அச்சடித்தார்கள். சுமார் 35,000 பிரதிகள். ஓடிய கார்களைவிடப் பத்து மடங்குக்கு மேல்! அத்தனையும் இலவசம்.

டயரை எப்படிக் கழற்றி மாட்டுவது, எந்த ஊரில் மெக்கானிக் இருக்கிறார், எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே நல்ல விடுதி இருக்கிறது என்று வழிப்பயணத்துக்கு வேண்டியதெல்லாம் அதில் இருந்தது. அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர் வேறு கம்பெனி டயரில் ஓட்டிக்கொண்டு போகலாம். அவருக்கும் அது அதே அளவு உதவும். இதில் மிஷலினுக்கு என்ன லாபம்? கணக்கு எளிது. பயம் இல்லாமல் நாலு ஊர் போகத் துணிந்தால்தான் கார் வாங்குவார்கள். கார் ஓடினால்தான் டயர் தேயும். தேய்ந்தால்தான் புது டயர். அப்போது வழிகாட்டியவர் பெயர் ஞாபகம் வரும்.

இந்தக் கதையில் பலர் கவனிக்காத இன்னொரு திருப்பம் உண்டு. ஒரு டயர் கடையில் தங்கள் புத்தகத்தை மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்ததை ஆந்த்ரே மிஷலின் பார்த்தார் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. 1920-ல் புத்தகத்துக்கு 7 பிராங்க் விலை வைத்தார்கள். காசு கொடுத்துப் போடும் விளம்பரங்களையும் எடுத்துவிட்டார்கள். சும்மா கிடைப்பதை யாரும் மதிப்பதில்லை என்ற பாடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விளம்பரத்தை எடுத்ததுதான் பெரிய காரியம். விளம்பரக் காசு வாங்கிக்கொண்டு 'இந்த ஓட்டல் நல்லது' என்று எழுதினால் யார் நம்புவார்கள்? 1926-ல் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். சோதனைக்குப் போகிறவர் தான் யார் என்று சொல்லாமல் சாப்பிட்டு, தன் பில்லுக்குத் தானே பணம் கட்டிவிட்டு வருவது அவர்கள் வைத்துக்கொண்ட முறை.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் போனது என்றால், 1944-ல் பிரான்ஸில் இறங்கத் தயாரான நேச நாட்டுப் படைகள் அந்தக் கையேட்டின் 1939-ஆம் ஆண்டுப் பதிப்பை மறுஅச்சு போட்டு எடுத்துக்கொண்டன. அதில் ஊர்களின் வரைபடங்கள் அவ்வளவு சரியாக இருந்தன.

போட்டியாளருக்கும் போய்விடுமே?

"வாடிக்கையாளருக்குச் சொல்வது சரி. அதே விஷயம் போட்டி போடுகிறவன் காதுக்கும் போய்விடுமே?" இது நியாயமான கேள்வி. இதற்கு ஜப்பானிலிருந்து ஒரு பதில் இருக்கிறது.

டொயோட்டா தனக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு கம்பெனிகளை வெறும் சப்ளையர்களாக மட்டும் நடத்தவில்லை. 1943-லேயே அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. பிறகு டொயோட்டாவின் நிபுணர்கள் அந்தக் கம்பெனிகளுக்கே போய், கழிவைக் குறைப்பது எப்படி, சரக்கைத் தேக்காமல் வேலையை ஓட்டுவது எப்படி என்று கட்டணம் வாங்காமல் சொல்லிக் கொடுத்தார்கள். 1977 முதல் சப்ளையர்களையே சின்னச் சின்னக் குழுக்களாகச் சேர்த்து, ஒருவர் தொழிற்சாலையை மற்றவர் போய்ப் பார்த்துக் குறை நிறை சொல்ல வைத்தார்கள். 1992-ல் அமெரிக்காவிலும் இதற்கென்றே ஒரு மையம் திறந்தார்கள். டொயோட்டாவுக்கு ஒரு நட்டுகூட விற்காத நிறுவனங்களுக்கும் அந்த மையம் கற்றுக் கொடுத்தது.

இப்படிக் கற்றுக்கொண்ட அமெரிக்க சப்ளையர்களில் பலர் டொயோட்டாவின் போட்டியாளர்களுக்கும் பாகம் செய்து கொடுத்தவர்கள்தான். அறிவு கசியும் என்று டொயோட்டாவுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கொடுத்தார்கள். போட்டியாளர்கள் விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்கியபோது, டொயோட்டா விலையைக் குறைக்கும் வழியைக் கற்றுக் கொடுத்தது. முதல் நாளே 'மிச்சமான பணத்தை எங்களிடம் கொடு' என்று கேட்கவும் இல்லை. ஒரு சப்ளையர் புது யோசனை ஒன்று கண்டுபிடித்தால் முதலில் யாரிடம் போய்ச் சொல்வார்? தன்னைக் கசக்கியவரிடமா, தனக்குக் கற்றுக் கொடுத்தவரிடமா? கொடுத்த அறிவு கசிந்தது உண்மை. ஆனால் திரும்பி வந்த அறிவு அதைவிட அதிகம்.

ஜப்பான் வரை போகாமல் மதுரையிலும் இதைப் பார்க்கலாம். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கண்புரை அறுவை சிகிச்சையைக் குறைந்த செலவில் அதிகம் பேருக்குச் செய்யும் முறையால் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியது. அந்த முறையைப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அவர்கள் 1992-ல் மற்ற மருத்துவமனைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கென்றே ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கினார்கள். வரவு செலவுக் கணக்கு எழுதுவது முதல் நோயாளியை வார்டிலிருந்து அறுவை அரங்குக்கு அழைத்துவருவது வரை எல்லாம் பாடம். அந்த நிறுவனத்தின் உதவியைப் பெற்ற கண் மருத்துவமனைகள் இந்தியாவிலும் வெளிநாடுகளிலுமாக 300-க்கு மேல். பார்வை இழந்து காத்திருப்பவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால், பக்கத்து ஊரில் இன்னொரு நல்ல மருத்துவமனை வருவதைப் போட்டி என்றே சொல்ல முடியாது. தேவை கடல் அளவு இருக்கும்போது பக்கத்துப் படகைப் பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது?

வெள்ளைச் சீருடையில் வந்த விற்பனை

இவ்வளவும் படித்தால், அறிவைப் பகிர்வது எப்போதும் நல்லது என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைகளும் உண்டு. அவற்றில் மிகக் கொடுமையானது குழந்தைகளுக்கான பால்மாவின் கதை.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பால்மாவு கம்பெனிகள் பெண்களை வேலைக்கு வைத்து, நர்ஸ் போலச் சீருடை கொடுத்துப் பிரசவ வார்டுகளுக்கும் வீடுகளுக்கும் அனுப்பின. குழந்தையை எப்படிக் குளிப்பாட்டுவது, எப்படித் தூங்க வைப்பது என்று அவர்கள் சொன்னவற்றில் பல உண்மையிலேயே பயனுள்ளவை. போகும்போது ஒரு டப்பா பால்மாவும் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். டப்பா தீர்வதற்குள் தாய்க்குப் பால் வற்றத் தொடங்கிவிடும். பிறகு காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும். கட்டுப்படியாகாத குடும்பங்கள் மாவில் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றின. அந்தத் தண்ணீரும் சுத்தமில்லை. வயிற்றுப்போக்கிலும் சத்துக் குறைவிலும் குழந்தைகள் இறந்தன.

இதை எச்சரித்தவர்கள் இல்லாமல் இல்லை. டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939-லேயே சிங்கப்பூரில் ஒரு கூட்டத்தில் இதைக் கொலை என்று பேசினார். உலகம் காதில் வாங்க நாற்பது ஆண்டு ஆனது. 1981-ல் உலக சுகாதார சபை தாய்ப்பாலுக்கு மாற்றான பொருட்களை விற்பதற்கான நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. இந்தியா 1992-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

அந்தச் 'சீருடை அக்கா'க்கள் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு விஷயம். "உங்களுக்குப் பால் சுரக்கிறது, இந்த டப்பா உங்களுக்குத் தேவையில்லை." அந்த ஒரு வரியைச் சொல்லாததால் மற்றபடி சொன்ன அத்தனை நல்ல யோசனைகளும் தூண்டில் புழுவாக மாறிவிட்டன.

உரக்கடை வாசலில்

இந்தியாவில் இந்தக் கேள்வி தினமும் எழும் இடம் ஒன்று உண்டு. அது ஊருக்கு ஊர் இருக்கும் உரக்கடை. 2003-ல் நடந்த தேசிய மாதிரி ஆய்வின்படி, விவசாயக் குடும்பங்களில் சுமார் 40 சதவீதம்தான் நவீன விவசாயத் தகவலை ஏதோ ஒரு வழியில் பெற்றிருந்தன. அந்த வழிகளில் முதலிடம் மற்ற முன்னோடி விவசாயிகளுக்கு, சுமார் 17 சதவீதம். அடுத்த இடம் உரம், விதை, மருந்து விற்கும் கடைக்காரருக்கு, சுமார் 13 சதவீதம். பல ஊர்களில் பயிருக்கு டாக்டர், வங்கி, மருந்துக்கடை மூன்றும் அந்த ஒரே ஆள்தான்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்க்கலாம். நடவு முடிந்து இருபது நாள் ஆன பயிர். விவசாயி ஒருவர் சுருண்ட இலை நாலைப் பறித்துக்கொண்டு கடைக்கு வருகிறார். "அண்ணே, புழு சுருட்டுது. என்ன மருந்து அடிக்கலாம்?" கடைக்காரர் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, "டேங்குக்கு இவ்வளவு ஊத்துங்க" என்று கொடுத்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. விற்பனை இலக்கை எட்டினால் தங்கக்காசு, வெளிநாட்டுச் சுற்றுலா என்று மருந்துக் கம்பெனிகள் ஆசை காட்டும்போது கை தானாக அலமாரிக்குத்தான் போகும்.

இரண்டாவது வழி கஷ்டமானது. "இப்ப அடிக்க வேண்டாம்ணே. இளம்பயிர், தானா தேறிக்கும்" என்று சொல்வது. இது ஏதோ தர்மசிந்தனையில் சொல்லும் ஆறுதல் கிடையாது. நட்ட முதல் முப்பது நாட்களில் இலைச்சுருட்டுப் புழு தின்னும் இலையை நெற்பயிர் பெரும்பாலும் ஈடுகட்டிக்கொள்ளும், மகசூல் குறையாது என்பது ஆராய்ச்சியில் தெளிந்த விஷயம். அந்த நேரத்தில் மருந்து அடித்தால் வயலில் இருக்கும் சிலந்தியும் ஊசித்தட்டானும் சாகும். அவை இல்லாத வயலில் பின்னால் புகையான் பெருகும். இந்தோனேசியாவில் இப்படித்தான் புகையான் நெல்லை அழித்தது. அந்த நாடு 1986-ல் 57 வகைப் பூச்சிமருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடை செய்தது. வியட்நாமின் மீகாங் டெல்டாவில் 1994 முதல் "ஆரம்பத்தில் மருந்து அடிக்காதீர்கள்" என்று வானொலி நாடகம் போட்டே சொன்னார்கள். சில ஆண்டுகளில் விவசாயிகள் மருந்து அடிப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

அந்த ஒரு பாட்டிலை விற்காமல் விட்ட கடைக்காரருக்கு நஷ்டமா? அன்றைய கல்லாவைப் பார்த்தால் ஆமாம். ஆனால் அவருடைய வியாபாரத்தில் பெரும்பகுதி கடன். அறுவடை முடிந்துதான் பணம் வரும். வீண் செலவு செய்து, புகையானிலும் மாட்டிக்கொண்ட விவசாயி கடனை எதை வைத்துக் கட்டுவார்? பழைய பாக்கி நிற்கும்போது கூச்சப்பட்டுக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். பாக்கியும் போச்சு, வாடிக்கையும் போச்சு. "வேண்டாம்" என்று சொல்லி விளைந்து வந்தவரோ அடுத்த போகத்துக்கு விதை, உரம் எல்லாம் அதே கடையில்தான் வாங்குவார். மச்சானையும் கூட்டிக்கொண்டு வருவார். ஒரு முறை "வேண்டாம்" என்று சொன்ன வாய், அடுத்த முறை "இது கட்டாயம் அடிக்கணும்" என்று சொன்னால் அவர் மறுபேச்சுப் பேச மாட்டார்.

இதைச் சொல்லக் கடைக்காரருக்கே முதலில் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? அந்தக் குறையைப் போக்க, ஹைதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-ல் உரக்கடைக்காரர்களுக்கென்றே ஓராண்டு டிப்ளமோ ஒன்றைத் தொடங்கியது. கடை விடுமுறை நாள் பார்த்து வாரம் ஒரு வகுப்பு. நல்ல முயற்சி. ஆனால் படிப்பு பாதி வேலையைத்தான் செய்யும். தெரிந்ததைச் சொல்லும் தைரியம் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவரிடம்தான் வர வேண்டும். யூரியா எப்போது தேவை என்று பயிரின் பச்சையை வைத்தே காட்டும் இலை வண்ண அட்டை என்று ஒன்று இருக்கிறது. மலிவான பிளாஸ்டிக் அட்டை. யூரியா விற்கிற கடையே அதை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, "இந்த நிறத்துக்குக் கீழ போனா மட்டும் வாங்க வாங்க" என்று சொன்னால் எப்படி இருக்கும்!

எல்லா நேரமும் பலிக்குமா?

பலிக்காது. இதையும் சொல்லிவிட வேண்டும். கடையில் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, பத்து ரூபாய் குறைவு என்று வேறு இடத்தில் வாங்குகிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. சரக்கு மட்டமாக இருந்தாலோ விலை அநியாயமாக இருந்தாலோ எவ்வளவு அறிவைக் கொட்டினாலும் யாரும் வர மாட்டார்கள். மிஷலின் டயர் பாதி வழியில் வெடித்துக்கொண்டே இருந்திருந்தால் அந்தப் புத்தகத்தை யார் மதித்திருப்பார்கள்?

எல்லாவற்றையும் சொல்லிவிடவும் கூடாது. ஒரு வாடிக்கையாளரின் கடன் கணக்கையும் கொள்முதல் விலையையும் இன்னொருவரிடம் சொல்வது அறிவைப் பகிர்வதாகாது. அது வம்பு. அது அந்த வாடிக்கையாளரின் சொத்து, கடைக்காரருடையது கிடையாது.

அப்படியானால் ஒரு யோசனை உண்மையான உதவியா, தூண்டிலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்று கேள்வி கேட்டுப் பார்த்தால் போதும்.

ஒன்று, கேட்டவர் எதுவுமே வாங்காமல் போனாலும் இந்த யோசனை அவருக்குப் பயன்படுமா?

இரண்டு, சரக்கு தேவைப்படாத நேரம் எது என்பதையும் சொன்னாரா?

மூன்று, சொன்னவர் யாரிடம் காசு வாங்குகிறார் என்பது கேட்பவருக்குத் தெரியுமா?

மிஷலின் கையேடு முதல் கேள்வியில் 1900-லேயே தேறிவிட்டது. மூன்றாவதில் தேற 1920 வரை ஆனது. நர்ஸ் சீருடையில் வந்த பால்மாவு விற்பனை இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அடியோடு தோற்றது. உரக்கடைக்காரர் தேறுவதும் தோற்பதும் ஒவ்வொரு நாளும் அலமாரிக்குக் கை போகும் அந்த நொடியில் இருக்கிறது.

நாளை கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைக்கப்போகிற மாணவருக்கும், வரிக் கணக்கு எழுதித் தரப்போகிற காமர்ஸ் மாணவிக்கும் இதே அலமாரி காத்திருக்கிறது. "புது ஹார்ட் டிஸ்க் வேண்டாம், கேபிள்தான் லூஸாக இருக்கிறது" என்று சொல்லி ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்புவதா, மூவாயிரத்துக்குப் பில் போடுவதா? முதல் மாத வாடகை கட்ட வேண்டிய நாளில் இந்தக் கேள்வி வரும்போது பதில் சொல்வது சுலபமாக இருக்காது. கடைக்கு வந்தவருக்கு எது கேபிள், எது டிஸ்க் என்று தெரியாது. அதனால்தான் அவர் வந்திருக்கிறார்.